இரண்டு இடது கை வைத்த சட்டை

காலை 5.40. கொழும்பு, கோட்டை பஸ் நிலையம்.

ஹட்டன் பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது டயருக்கு மேலே இருக்கும் இருக்கை. உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் வந்து நிற்கும். ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர் அப்படியே போக வேண்டும். வயது ஐம்பத்திரண்டு. கண்டக்டர் பையன் என்னைப் பார்த்த பார்வையில் டிக்கெட்டோடு கொஞ்சம் அனுதாபமும் கிழித்துக் கொடுத்தான்.

போகிற காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு வாரப் பத்திரிகையில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். எழுத்தாளரா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றிவிடுவேன். கட்டுரை முடிந்த பிறகு பக்கத்தின் அடியில் நாலு விரல் இடம் மிஞ்சும் அல்லவா, அந்த இடத்துக்கு ஒரு சிரிப்புத் துணுக்கு எழுதிப் போடுவதுதான் என் வேலை. முழுதாக ஒரு கட்டுரை நான் எழுதியதே இல்லை. "தைக்கிறவங்களும் பின்னுறவங்களும் தங்களை என்னன்னு சொல்லிக்கிறாங்க, மலையகத்துல போய்க் கேட்டு எழுதணும்" என்று ஆசிரியர் சொன்னது வேறொருவரிடம். அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆக, இந்தப் பயணத்திலும் நான் காலி இடத்தைத்தான் நிரப்புகிறேன்.

அவிசாவளை தாண்டியதும் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கி என் தோளில் சாய்ந்தார். முன்பின் தெரியாத மனிதர். எழுப்ப மனம் வரவில்லை. என் மேல் ஒரு ஆள் சாய்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன். பஸ் வளைவில் திரும்பும்போது அவர் விழாமல் இருக்க நானும் கூடவே சாய்ந்து கொடுத்தேன்.

காலை 9.05. கினிகத்தேனை.

பஸ் பத்து நிமிடம் நின்றது. பால் விடாத பிளேன்டீ அறுபது ரூபா. தோள்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். இங்கிருந்துதான் குளிர் ஆரம்பம். நான் கொண்டுவந்தது போட்டிருந்த முழுக்கைச் சட்டை ஒன்றுதான். நடைபாதையில் வாங்கியது, ஏற்றுமதிக்குப் போகாமல் கழிந்த சரக்கு.

காலை 10.20. ஹட்டன்.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு அம்மா கம்பளித் தொப்பிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, அடுத்த தொப்பியைப் பின்னிக்கொண்டிருந்தார். என் முதல் கேள்வியை இவரிடமே கேட்டேன். தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வார்? "வியாபாரம்" என்றார். இதைப் பின்னுவது நீங்கள்தானே என்றேன். "கை பின்னுதுங்க. நான் சும்மா பேசிக்கிட்டு இருக்கேன்" என்றார். நோட்டுப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டு, வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு நானூற்று ஐம்பது ரூபாவுக்கு ஒரு தொப்பி வாங்கினேன். என் தலைக்குச் சின்னது. தலையில் ஒரு கிண்ணம் கவிழ்த்ததுபோல நிற்கும் என்று அவரே சொன்னார், பணம் வாங்கிய பிறகு.

காலை 11.10. கொட்டகலை.

ஹட்டனிலிருந்து ஆறு கிலோமீட்டர் மேலே. பஜாரில் ஒரு தையல் கடை. ஒரு மிஷின், ஒரு ஆள். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். கடைக்குமேல் டெய்லர் என்று பெரிதாக எழுதியிருந்தது. அவரிடமும் கேட்டேன்.

"நான் எங்கங்க தைக்கிறேன்? பிரிக்கிறேன்" என்றார். அண்ணன் சட்டையைத் தம்பிக்குச் சின்னதாக்க வேண்டும், மெலிந்துபோனவர்களுக்கு உள்ளே பிடிக்க வேண்டும், பெருத்தவர்களுக்கு விட வேண்டும், எதற்கும் முதலில் பிரிக்க வேண்டும் என்று விளக்கினார். மேலே டெய்லர் என்று இருக்கிறதே என்றதற்கு, "அது போர்டு சொல்றது" என்றார்.

யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று அவரிடமே கேட்டேன். நாலு கிலோமீட்டர் உள்ளே ஒரு தோட்டத்தில் யோகேஸ்வரி என்று ஒருத்தி இருக்கிறாள், கொழும்புப் பக்கம் கார்மெண்ட் ஃபேக்டரியில் இருந்துவிட்டு வந்து மிஷின் வாங்கி வைத்திருக்கிறாள் என்றார். "காலர் வீடு எதுன்னு கேளுங்க, காட்டுவாங்க." ஏன் காலர் என்றேன். "அது மட்டுந்தான் வருமாம்" என்று சிரித்தார். ஆட்டோவுக்கு எழுநூறு ரூபா.

பகல் 12.30. தோட்டம்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் பன்னிரண்டு வீடு. பதினொன்று பூட்டியிருந்தது. எல்லோரும் மலையில் கொழுந்து எடுக்கப் போயிருந்தார்கள். பனி இறங்கி, எதிர்ப்பக்கத்துத் தேயிலையைப் பாதி மறைத்திருந்தது. ஒரு நாய் என்னைப் பார்த்துக் குரைக்கலாமா என்று யோசித்துவிட்டு, வேண்டாம் என்று படுத்துக்கொண்டது.

கடைசி வீட்டு வாசல் திண்ணையில், அதாவது இஸ்தோப்பில், தையல் மிஷின். பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்த புதுப் பலகை. இடது பக்கத்தில் 'யோகேஸ்வரி' என்று சிவப்பில் எழுதியிருந்தது. மீதி முக்கால் பலகை வெறுமை. நாலு விரல் இடத்தையே விடாதவன் நான். அதைப் பார்த்ததும் கை அரித்தது.

அந்தப் பெண்ணுக்கு நாற்பதுக்குள் இருக்கும். வந்த ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தாள். "சார், காலர் கோணல். கொழும்புல வாங்கினதா?" என்றாள். அதன் பிறகுதான் உட்காரச் சொன்னாள்.

என் கேள்வியைக் கேட்டேன். அவள் கதையைச் சொன்னாள். பதினொரு வருடம் கார்மெண்டில். ஒரு வரிசையில் நாற்பது மிஷின். காலர்த் துண்டுகள் கட்டுக் கட்டாக வரும். தைத்துத் தள்ளினால் அடுத்த மிஷினுக்குப் போய்விடும். முழுச் சட்டையை அவள் கடைசி மேசையில் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள். அங்கே யாருக்கும் பேர் கிடையாது, தைக்கிற துண்டுதான் பேர். இவள் காலர், இன்னொருத்தி பாக்கெட், ஒருத்தி கை, ஒருத்தி மணிக்கட்டுப் பட்டி, அதாவது கஃப். தங்கியிருந்த அறையிலும் அப்படித்தான். பாக்கெட் சமைத்தாள், கை துணி துவைத்தாள், கஃப் காதலித்தாள். ஆட்குறைப்பில் எல்லோரையும் நிறுத்தினார்கள். கை இப்போது ஜோர்தானில். பாக்கெட் கல்யாணமாகிப் பதுளையில். கஃப் என்ன ஆனாள் என்று தெரியவில்லை.

"நாங்க நாலு பேரும் சேந்தா ஒரு சட்டைங்க. நான் மட்டும்னா கழுத்து தான்."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். வீட்டில் அவளைத் தவிர யாருமில்லை. அம்மா அப்பா இல்லை, தம்பி கொழும்பில் கடையொன்றில் நிற்கிறான். மிஷின் வாங்கி ஏழு மாதம். போர்டு எழுதுகிறவர் பேரை எழுதிவிட்டு, பக்கத்தில் என்ன போட என்று கேட்டாராம். டெய்லர் என்று போடச் சொல்ல வாய் வரவில்லை. முழுதாக ஒரு சட்டை தைத்து, ஒரு ஆள் அதைப் போட்டுக்கொண்டு போனால்தான் அப்படி எழுதலாம் என்று முடிவு செய்து, பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பழைய சட்டையொன்றைப் பார்த்துப் பார்த்து இப்போது ஒன்று தைத்து முடித்திருக்கிறாள். போட்டுப் பார்க்க ஆள் இல்லை. பக்கத்து வீட்டு ஆண்களிடம் கேட்டால் லயம் முழுக்கக் கேலி பேசும்.

அப்புறம் என்னைக் கேட்டாள். "நீங்க பேப்பர்ல என்ன எழுதுறீங்க?"

பேச்சை மாற்ற எவ்வளவோ பார்த்தேன். வெளியே பனியைத் தவிர மாற்றுவதற்கு எதுவும் இல்லை. சொன்னேன்.

"அப்ப நீங்களும் காலர் தானா அண்ணே" என்றாள். சார் என்பது அப்போதுதான் அண்ணே ஆனது.

பகல் 1.45.

போட்டுப் பார்க்கிற ஆள் நானே என்று, உள்ளே போய் அவள் தைத்த சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன். நீலத் துணி, முழுக்கை. தோள் சரி. வயிற்றுப் பக்கம் தாராளமாகவே விட்டிருந்தாள். யாருடைய தொந்தியை நினைத்து வெட்டினாளோ, என்னுடையது அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. கழுத்தில் காலர் கத்தி மாதிரி நின்றது. வாழ்க்கையில் முதல்தடவையாக நான் மரியாதைக்குரிய மனிதன்போல இருந்தேன்.

கஃப் பட்டனைப் போடும்போதுதான் பார்த்தேன். இடது கையில் பட்டன் வெளிப்பக்கம், சுண்டுவிரலை ஒட்டி இருந்தது. வலது கையில் அது உள்பக்கம், கட்டைவிரலை ஒட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு இடம் கிடைத்தால் துணுக்கு வந்துவிடும். "ரெண்டு இடது கை உள்ளவனுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கே" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. கிட்ட வந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கார்மெண்டில் துண்டுகள் ஒரே பக்கமாக அடுக்கி வரும். அந்தப் பழக்கத்தில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, பட்டன் பிளவை ஒரே பக்கத்தில் போட்டிருக்கிறாள். அவள் தைத்த காலருக்கு இடம் வலம் என்று ஒன்றும் இருந்ததில்லை. இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, மணிக்கட்டிடம் சொன்னாள். பிறகு போய்ப் பலகையைத் திருப்பி, பேர் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தாள்.

இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதிய துணுக்கு எதற்கும் யாரும் அழுததில்லை. இதற்கும் அவள் அழவில்லை. ஆனால் அந்தப் பலகை திரும்பிய சத்தம் கேட்டபோது, என் வாயைத் தைத்துவிடச் சொல்லலாமா என்று இருந்தது.

ஆணியில் தொங்கிய என் நடைபாதைச் சட்டையை எடுத்து, கை இரண்டையும் உள்ளும் வெளியுமாகப் பார்த்தாள். "இத விட்டுட்டுப் போவீங்களா? பிரிச்சுப் பாத்தா தான் வெளங்கும். திரும்பத் தைச்சு பஸ்ஸுல போட்டுவிடுறேன்."

போட்டுக்கொண்டு போக வேறு சட்டை இல்லையே என்றேன். அவள் என் பழைய சட்டையை மடித்து மிஷின்மேல் வைத்தாள்.

"இதையே போட்டுக்கிட்டுப் போங்க. யாரு தைச்சதுன்னு மட்டும் சொல்லிறாதீங்க."

மாலை 4.10. கொட்டகலை.

பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். மாஸ்டர் கடையிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு, கையில் கத்தரிக்கோலோடு வந்தார். பிரிக்கிறவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. வலது கையைத் தூக்கிப் பார்த்தார்.

"காலையில வேற சட்டைதானே போட்டிருந்தீங்க. இது யாரு தைச்சது?"

"நான்தான்" என்றேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "முதல் சட்டையா?"

"ஆமா."

"பரவால்லங்க. மொத தடவ எனக்கும் இப்பிடித்தான்." சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, கழுத்துப் பக்கம் நின்றார். விரலால் காலர் நுனியைத் தடவினார். "ஆனா இந்தக் காலர் எப்பிடிங்க தைச்சீங்க? எனக்கே இப்பிடி வராது."

பஸ் வந்துவிட்டது. இல்லாவிட்டால் நான் நாலு கிலோமீட்டரும் திரும்ப ஓடியிருப்பேன், அல்லது இரண்டாவது திருப்பத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்திருப்பேன்.

மாலை 5.50. மறுபடியும் கினிகத்தேனை.

பஸ் நின்ற பத்து நிமிடத்தில், கிளம்பும்போது வாங்கிய நம்பரில் அவளுக்கு போன் செய்தேன். மாஸ்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். காலரை அவர் தடவிப் பார்த்ததை இரண்டு தடவை சொன்னேன்.

"காலர் தெரியும்ணே" என்றாள். "முதல்ல என்ன கேட்டாரு?"

"முதல் சட்டையான்னு கேட்டாரு."



"சட்டைன்னு தானே சொன்னாரு?"

"சட்டைன்னு தான் சொன்னாரு."

"சரிண்ணே" என்றாள். பிறகு, "பலகைய இந்தப் பக்கம் திருப்பி வச்சிட்டேன். எழுதறதுக்கு அவசரமில்ல" என்றாள்.

இப்போது கொழும்பில் என் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பேரை மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். மற்றதை மாற்ற வேண்டாம் என்றாள். என் பழைய சட்டை இன்னும் வரவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த வெயிலில் முழுக்கை தேவையில்லைதான், ஆனாலும் அந்த நீலச் சட்டையைத்தான் போட்டிருக்கிறேன். தனியாக இருக்கிறவனுக்கு வலது கைப் பட்டன் ஒரு தொல்லை. தெரியாத பக்கத்தில் இருக்கும், இடது கையால் தடவித் தேட வேண்டும், போட்டுவிட ஆள் இருக்காது. இந்தச் சட்டையில் அது முன்னால் என்னைப் பார்த்து நிற்கிறது. ஒரே தடவையில் போட்டுவிடுகிறேன்.

அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஆசிரியர் மட்டும் கட்டுரை எத்தனை வரி வரும், அடியில் இடம் மிஞ்சுமா என்று கேட்டார். மிஞ்சினால் அப்படியே விட்டுவிடுங்கள் என்றேன்.