மாரகைபோவுக்குப் போன பெருங்காயம்

அமெரிக்காவில் காற்றைக்கூடப் பெட்டியில் போட்டு வாசலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். போன வாரம் என் மனைவி ஸ்டெல்லா ஒரு நெயில் கட்டர் ஆர்டர் செய்தாள். வந்த பெட்டியில் ஒரு வெள்ளாடு கால் நீட்டிப் படுத்திருக்கலாம். நெயில் கட்டர் ஒரு மூலையில் அநாதையாகக் கிடந்தது. மிச்சமெல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் அடைத்த காற்று. டெக்சாஸில் பேர்லேண்டுக்கு வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது மட்டும் செரிக்கவில்லை. தூத்துக்குடிக்காரனுக்குப் பெட்டி என்றால் அதில் இண்டு இடுக்கு மிஞ்சக் கூடாது. குக்கருக்குள் டம்ளர், டம்ளருக்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் ஏலக்காய். ஊருக்குக் கிளம்பும் தமிழர்கள் பெட்டியும் கையுமாக வந்து, "அங்கிள், கொஞ்சம் அடுக்கிக் குடுங்க" என்று நிற்பார்கள். எரிவாயுக் குழாய் கம்பெனியில் நான் இன்ஜினியர் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. பெட்டி அடுக்கும் அந்தோணி அங்கிள் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு என்று ஸ்டெல்லா சொல்வாள். இருந்தால்தான் என்ன?

ஒரு சனிக்கிழமை டிரைவ்வேயில் காலிப் பெட்டிகளை மிதித்து மடக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த தெருப் பெண் ஒருத்தி காரை நிறுத்தி, அந்தப் பெட்டிகள் கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "வீடு மாறுகிறீர்களா?" என்றேன். "என் நாடே மாறிக்கொண்டிருக்கிறது" என்றாள். கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் தலையாட்டிவிடுவது என் பழக்கம். தலையாட்டிவிட்டுப் பெட்டிகளை அவள் காரில் ஏற்றினேன்.

அவள் பெயர் மாரிசோல். வெனிசுவேலாவில் மாரகைபோ என்ற ஊர்க்காரி. அங்கே பல் டாக்டர். இங்கே லைசென்ஸ் கிடைக்கும்வரை வேறொரு டாக்டரின் கிளினிக்கில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் நாடு எண்ணெயில் மிதந்த நாடு, இன்று வாழ்ந்து கெட்ட வீடு. பணம் வெறும் காகிதமாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. கால் உள்ளவர்கள் எல்லாம் வெளியேறிவிட, வயதான பெற்றோர் மட்டும் வீட்டைக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக மாரிசோலும் சில வெனிசுவேலாப் பெண்களும் சேர்ந்து ஒரு சிறு தொண்டு அமைப்பு நடத்தினார்கள். சனிக்கிழமைதோறும் எங்கள் சர்ச் ஹாலில் கூடி, நன்கொடையாக வந்த மாத்திரை, பால் பவுடர், சோள மாவு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு, மாரகைபோவில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு மருந்தகத்துக்கு அனுப்புவார்கள். அடுத்த வாரம் என்னையும் கூப்பிட்டாள்.

போனேன். உள்ளே நுழைந்ததும் ஒவ்வொரு பெண்ணும் வந்து கன்னத்தில் முத்தம் வைத்து வரவேற்றாள். முத்தம் முடிந்து திரும்பினால் வாசலில் ஸ்டெல்லா, கையில் நான் மறந்துவிட்டுப் போன டேப். அதுவாவது போகட்டும். வெனிசுவேலாக்காரர்கள் காய்கறிக்காரனையும் "மி அமோர்" என்றுதான் கூப்பிடுவார்களாம். அன்று மாலை கார் ஸ்பீக்கரில் மாரிசோலின் குரல், "மி அமோர், அடுத்த சனிக்கிழமை சீக்கிரம் வருவாயா?" என்றது. ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அப்படின்னா என்னங்க?" என்றாள். "என் அன்பே" என்று மொழிபெயர்த்தேன். பொய் சொல்லியிருக்கலாம். அடுத்த வாரத்திலிருந்து அவளும் பெட்டி கட்ட வந்துவிட்டாள். மாரிசோலை மாரி என்று சுருக்கிக் கூப்பிட்டு, எனக்கு முன்னால் அவள் சிநேகிதியுமாகிவிட்டாள்.

அந்தப் பெண்கள் பெட்டி கட்டும் அழகைப் பார்த்து எனக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. ஒரு பொம்மை முதல் வகுப்புப் பயணி மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கும், அதைச் சுற்றி மினுமினுப்புக் காகிதம், அதற்கு மேல் ரிப்பன். நான் பொறுப்பை எடுத்துக்கொண்டேன். பொம்மையின் பாவாடைக்குள் பற்பசை போயிற்று. பால் டின்களுக்கு நடுவில் சோப்பு போயிற்று. நான் கட்டிய முதல் பெட்டியை இரண்டு ஆண்கள் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. மாரிசோல் என்னை இன்ஜினியரே என்று கூப்பிட ஆரம்பித்தாள். கம்பெனியில் இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை யாரும் அவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை.

ஆனால் என் அடுக்கலால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சீக்கிரமே தெரிந்தது. பெட்டி போய்ச் சேர்ந்தது, மருந்து சேரவில்லை. சோப்பு இருந்தது, பொம்மை இருந்தது, மாத்திரை மட்டும் இல்லை. கடலையும் தரையையும் தாண்டிப் போகும் பெட்டி எத்தனையோ கைகள் மாறுகிறது. எந்தக் கை என்று யாரைக் கேட்பது? இரண்டாவது தடவையும் அப்படியே ஆனபோது, மாரிசோல் ஹால் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்பாவின் இதய மாத்திரையும் அந்தப் பெட்டியில்தான் போயிருந்தது.

"அப்பா மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறார். போன மாதத்திலிருந்து அந்தப் பாதியையும் உடைக்கிறார்" என்றாள். அவருக்கு இங்கே வர விசா கிடையாது. அவள் அகதி மனு முடிவாகவில்லை. அங்கே போனால் திரும்பி வர முடியாது. அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஓடியது அந்தப் பெட்டி ஒன்றுதான். அதுவரை பெட்டிக்குள் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது யாருக்குப் போகிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வீட்டுக்கு வரும் வழியில், நான் முதன்முதலாக அமெரிக்கா வந்து இறங்கிய நாள் நினைவுக்கு வந்தது. அம்மா என் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலம் வைத்திருந்தாள். விமான நிலையத்து அதிகாரி மூடியைத் திறந்தார், ஓரடி பின்னால் போனார். "இது இப்படித்தான் நாறுமா?" என்றார். "ஆமாம் சார், நாறவில்லை என்றால் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம்" என்றேன். பொட்டலத்தை மட்டும் இரண்டு விரலால் தூக்கித் தொட்டியில் போட்டுவிட்டு, கீழே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே மூடியைச் சாத்தி என்னை வரவேற்றார்.

"கருவாட்டை மேலே வச்சா ஒரு பய கை வைக்க மாட்டான்" என்றேன் ஸ்டெல்லாவிடம்.

"பால் பவுடர் போற பெட்டிங்க அது. பச்சப்புள்ள குடிக்கிறது. பெருங்காயம் வைங்க. நாத்தத்துக்கு நாத்தமும் ஆச்சு, தின்னாலும் ஒண்ணும் ஆகாது."

யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். எங்கள் வீட்டில் தாளிப்பதே கராஜில்தான். ஆபீஸ் கோட்டுகளை ஜிப் வைத்த உறைக்குள் போட்டு, உறையைக் காரில் வைத்திருக்கிறோம். லிஃப்டில் யாராவது மூக்கைச் சுளித்தால் அன்று முழுக்க மனசு சரியிருக்காது. அப்படி ஒளித்து ஒளித்து வைத்த வாசனையை, ஹூஸ்டனில் இந்தியக் கடைகள் உள்ள தெருவுக்குப் போய்க் கட்டிக் கட்டியாக வாங்கினோம். கல்லாவில் இருந்த பையன், "கேட்டரிங் பண்றீங்களா ஆன்ட்டி?" என்றான். "இல்லப்பா, ஏத்துமதி" என்றாள் ஸ்டெல்லா.

சனிக்கிழமை பெருங்காயத்தை இடித்து, பழைய துணியில் முடிந்து, எல்லாப் பெட்டிகளிலும் மேலாக வைத்து ஒட்டினோம். ஹாலில் அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தோம். மறுநாள் மாரிசோல் கூப்பிட்டாள் என்று ஸ்பானிஷ் பூசைக்குப் போனால், சர்ச் வாசலில் கூட்டம் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது. கேஸ் கசிகிறதாம். நான் சும்மா இருப்பேனா? என் தொழில் அல்லவா? காற்றில் மிதந்து வந்த நாற்றத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டு, கசிவேதான் என்று அறிவித்தேன். எரிவாயுவுக்குச் சொந்த நாற்றம் கிடையாது, ஆபத்து தெரியட்டும் என்று நாங்கள்தான் கலக்கிறோம் என்று பாதிரியாருக்கு விளக்கினேன். எல்லோரையும் கார் நிறுத்தும் இடத்தின் கடைசிக்கு விரட்டினேன். அவசர உதவிக்கு 911-ஐ அழைத்ததும் நானே.

தீயணைப்பு வண்டி வந்து நின்றபோதுதான் ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, அது நம்ம பெருங்காயம்ங்க."

இத்தனை வருடம் கராஜில் மட்டுமே மோந்து பழகியவனுக்குச் சர்ச் வாசலில் எப்படித் தெரியும்? ஹெல்மெட் போட்ட ஆறடி ஆள் ஒருவர், ஒரு கையில் கசிவு பார்க்கும் மீட்டர், மறு கையில் என் பெட்டியோடு வெளியே வந்தார். "இது யாருடையது?" என்றார். கையைத் தூக்கினேன். "உள்ளே என்ன?" பதற்றத்தில், "கேஸுக்கு நல்லது சார்" என்றேன். அவர் பெட்டியை மெல்லத் தரையில் இறக்கிவைத்து, பத்தடி பின்வாங்கினார். ஸ்டெல்லாதான் முன்னால் போய், வயிற்றைத் தொட்டுக் காட்டி, குழம்பு, ரசம் எல்லாவற்றையும் விளக்கிக் காப்பாற்றினாள். "இதை மனிதர்கள் சாப்பிடுவார்களா?" என்றார் அவர். "ஒரு சிட்டிகைதான்" என்றாள் ஸ்டெல்லா. அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

மாரிசோல் கோபிப்பாள் என்று பயந்தேன். அவள் பெட்டியண்டை குனிந்து மோந்து பார்த்தாள், கண்ணில் நீர் வந்தது, "தீயணைப்பு வீரனே பயந்துவிட்டான்" என்று சிரித்தாள். பெட்டிகள் கிளம்பின. அதன்பிறகு காத்திருந்தோம். மாரிசோல் தினமும் அப்பாவுக்குப் போன் செய்தாள். மாத்திரை எவ்வளவு மிச்சம் என்று கேட்கத் தைரியமில்லாமல் வானிலையை விசாரித்தாள்.

ஒரு சனிக்கிழமை ஹாலில் இருக்கும்போது வீடியோ அழைப்பு வந்தது. முதலில் மருந்தகத்து சிஸ்டர். பெட்டியை வழியில் யாரோ கத்தியால் கீறித் திறந்திருக்கிறார்களாம். திறந்தவர்கள் எதையும் தொடாமல், நாங்கள் போட்டதைவிட இரண்டு சுற்று அதிகமாக டேப் ஒட்டி மூடி அனுப்பியிருக்கிறார்கள். பெண்கள் கைதட்டினார்கள். என் தொழிலில் எனக்குக் கிடைத்த ஆகப்பெரிய விருது அந்த இரண்டு சுற்று டேப்தான்.

பிறகு அவள் அப்பா திரையில் வந்தார். ஒடிசலான மனிதர், முகச்சவரம் செய்து தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார். மாத்திரை அட்டைகளைச் சீட்டுக்கட்டு போல விரித்துக் காட்டினார். ஒரு முழு மாத்திரையை உடைக்காமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, விழுங்கிவிட்டேன் பார் என்று நாக்கை நீட்டினார். மகள் அந்தச் சாக்கில் பல்லையும் பார்த்துக்கொண்டாள்.

அப்புறம் எழுந்து போய், ஒரு நீலக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மாரகைபோ வெயில் தூத்துக்குடி வெயிலுக்கு அண்ணன். "இதை யார் உள்ளே வைத்தது? எவ்வளவு இடத்தை அடைத்திருக்கும்" என்றேன். நான்தான் என்றாள் மாரிசோல். எனக்குத் தெரியாமல் அடியில் வைத்திருக்கிறாள். நீ போட்ட சட்டை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு, உன் வாசனையாவது வீட்டில் இருக்கட்டும் என்று அப்பா கேட்டிருந்தாராம்.

கிழவர் சட்டைக் கையை மூக்கில் வைத்து இழுத்தார். ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். சிரிப்பு சட்டென்று நின்றது. என்ன என்று கேட்டேன். மாரிசோல் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மொழிபெயர்த்தாள்: "இப்போது நீ இப்படித்தான் மணக்கிறாயா, மகளே? பரவாயில்லை. பழகிக்கொள்கிறேன்."

அது உங்கள் மகள் இல்லை, எங்கள் வீட்டுச் சாம்பார் என்று அவரிடம் சொல்லச் சொன்னேன். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். ஸ்டெல்லா என் கையைப் பிடித்து அழுத்தி, "சும்மா இருங்க" என்றாள்.

நான் ஒருநாளும் மிதிக்கப்போகாத ஓர் ஊரில், ஒரு மனிதர் எங்கள் பெருங்காயத்தை மகள் வாசனை என்று தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறார். பேர்லேண்டில் இருக்கிறேனா, தூத்துக்குடியில் இருக்கிறேனா என்று எனக்கே குழப்பமாகும் நாட்களில், மாரகைபோவிலும் கொஞ்சம் இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன்.