பரீதாவுக்கு நான் எழுதிய சான்றிதழ்

இரண்டு மாதமாக இதை எழுதுவதா, விடுவதா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வாரம் தள்ள முடியவில்லை. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருப்பவள் பரீதா. என்னைவிட இரண்டு வயது இளையவள். எட்டாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் நஸீராவின் உம்மா. ஒரு நாள் பின்னேரம் முகம் கறுத்துப்போய் வந்தாள். குவைத்துக்கு ஆள் எடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு ஏஜென்சிக்காரன் வந்து, கல்முனையில் ஒரு கடை மாடியில் இன்டர்வியூ வைத்திருக்கிறான். பரீதாவின் பேரை வெட்டிவிட்டான்.

"ஏனாம்?"

"வீட்டு வேலை செஞ்சு பழக்கம் இரிக்கா எண்டு கேட்டான், டீச்சர். நாங்க ஆர்ர வீட்டிலயும் வேலைக்குப் போன ஆக்களில்ல எண்டு சொன்னன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்கவும் முடியவில்லை. எங்கள் ஊர்ப் பெண்ணைத் தவிர வேறு யார் இந்தப் பதிலைச் சொல்வார்கள்? அடுத்தவர் வீட்டில் சட்டி பானை கழுவுவது இங்கே குடும்ப மானத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். அவன் கேட்டது அனுபவத்தை. இவள் காப்பாற்றியது மானத்தை. போகப் போவதோ கடல் கடந்து, யாரென்றே தெரியாதவர்கள் வீட்டுக்கு...

எதற்குப் போகிறாள்? வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்ல வேண்டும். எங்கள் கிழக்குக் கரையில் பெண்ணைக் கட்டிக் கொடுப்பதென்றால் ஒரு வீடும் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பரீதாவிடம் இருப்பது ஒரே வீடு — அதன் கூரையையும் புயல் கொண்டுபோய்விட, தென்னங்கிடுகு போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். நஸீராவுக்கு வயது பதின்மூன்று. அவளுக்கென்று ஒரு கல்வீடு எழும்ப வேண்டும். புருஷன் காசிம், மற்றவர்களின் வயலில் கூலிக்கு வேலை செய்கிறவர். அந்தக் கூலியில் கல்வீடு எழும்புமா?

ஏஜென்சிக்காரன் கடைசியில் கொஞ்சம் இரங்கியிருக்கிறான். டீச்சர் ஒருவரிடம் அனுபவச் சான்றிதழ் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றானாம்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். அதற்கு முந்தின கிழமைதான் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். மார்க்சியப் பெண்ணியம். ஆண் வேலைக்குப் போகிறான் என்றால், அவனுக்குச் சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டு அனுப்புகிற உழைப்புக்கு ஏன் கூலி இல்லை? முதலாளிக்கு அது இலவசமா? கைதட்டினார்கள். திறந்த பொருளாதாரம் வந்தபின் உலகச் சந்தை நம் அடுப்படிக்கே வந்துவிட்டது என்றும் சொன்னேன். ஒரு அழகுக்குச் சொன்னதுதான். அடுத்த கிழமையே அது செருப்பைக் கழற்றிவிட்டு என் விறாந்தையில் வந்து உட்காருமென்று யார் கண்டது?

போக வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"போகாம? என்ட மகளுக்கு நீங்க வீடு கட்டித் தருவீங்களா, டீச்சர்?"

வாயை மூடிக்கொண்டு பேனையை எடுத்தேன்.

எழுதத் தொடங்கினால் நிற்கவேயில்லை. சுபஹுத் தொழுகைக்கு முன் எழும்பித் தண்ணீர் அள்ளுவது. நெல் அவித்து, காயவைத்து, குத்துவது. மூன்று வேளைச் சமையல். அறுவடைக் காலத்தில் வயலுக்குச் சோறு கட்டி அனுப்புவது. விற்பதற்குப் பன் புல்லில் பாய் இழைப்பது. ஆடு, கோழி. படுக்கையில் கிடந்த மாமியாரை ஐந்து வருடம் கழுவித் துடைத்துப் பார்த்தது. இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பது — சின்னவளுக்கு இப்போதுதான் இரண்டரை வயது. 'அனுபவம் பதினைந்து வருடம், விடுமுறை எடுத்ததில்லை' என்று முடித்தேன். என் மேடைப் பேச்சைவிட நல்ல எழுத்து அது. பெருமைக்குச் சொல்லவில்லை.

சத்தமாக வாசித்துக் காட்டினேன். காசிமும் வந்து வாசலில் நின்று கேட்டார். பரீதா முக்காட்டை இழுத்துவிட்டபடி, "இவ்வளவுமா நான் செய்யிறன்?" என்றாள். அவளுக்கே நம்பிக்கையில்லை.

காசிம் கடதாசியை வாங்கினார். வாசிக்கத் தெரியாது, ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்லக் கேட்டார்:

"அப்ப டீச்சர், இவ போனா இதையெல்லாம் ஆரு செய்யிற?"

நல்ல கேள்வி. வாசகர் வட்டத்தில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. 'நீங்கள்தான்' என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே பதிலையும் சொல்லிவிட்டார்.

"மூத்தவ இரிக்காதானே."

உம்மாவுக்குச் சான்றிதழ் என்று நினைத்துத்தான் எழுதினேன். அதுவே மகளுக்கு நியமனக் கடிதமாகவும் போய்விட்டது.

பரீதா போனாள். அடுத்த திங்களிலிருந்து வகுப்பில் நஸீராவின் இடம் காலி. ஒரு கிழமை பொறுத்தேன். இரண்டாம் கிழமை வீட்டுக்கே போனேன். தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். எந்தப் பிள்ளைக்கு வீடு கட்டவென்று உம்மா போனாளோ, அந்தப் பிள்ளை அடுப்படியில் நிற்கிறது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மீது? காசிம்மீதா, ஏஜென்சிக்காரன்மீதா? முதலாளித்துவத்தைப் பிடித்து உலுக்கலாமென்றால் அது கைக்கு எட்டுகிற இடத்திலா இருக்கிறது? பேனை பிடித்த என் கைமீதுதான் அதிகம் வந்தது.

"ஏன் புள்ள பள்ளிக்கு வாறல்ல?"

"தங்கச்சிய ஆரு பாக்கிற, டீச்சர்? நீங்க பாப்பீங்களா?"

நக்கலில்லை, கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இந்த முறை வாயை மூடிக்கொள்ள முடியவில்லை. "ஓம், பாக்கிறன். அவளையும் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது எட்டாம் வகுப்பில், கடைசி வரிசை வாங்குக்குப் பக்கத்தில் ஒரு பாய் கிடக்கிறது. அதில் அந்தச் சின்னவள். சில நாள் சுண்ணக்கட்டியைத் தின்கிறாள். சில நாள் அலறுகிறாள், பாடமே நின்றுபோகிறது. நஸீரா கிழமையில் மூன்று நாள்தான் வருகிறாள். வந்தாலும் இரண்டாம் பாடத்தில் தூங்கி விழுகிறாள். இதற்குப் பெயர் விடுதலையா? இல்லை. ஒழுகுகிற இடத்தில் அடைத்த துணி, அவ்வளவுதான். அது எத்தனை நாளைக்குத் தாங்குமென்றும் தெரியவில்லை. வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் விவாதிப்போம் என்றார்கள்.

இந்தக் கிழமை பள்ளிக்கூட அதிபர் எழுத்தில் விளக்கம் கேட்டுவிட்டார் — பதிவில் இல்லாத ஒரு பிள்ளை வகுப்பில் இருப்பதற்குக் காரணம் என்ன? உலகச் சந்தை, உழைப்பு, சுரண்டல் என்று மூன்று பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். கடைசியில் ஒரே வரிதான் எழுதிக் கொடுத்தேன்.

'இந்தப் பிள்ளையைத் தூக்க வேண்டிய உம்மா, குவைத்தில் வேறொருத்தியின் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கிறா.'