வரப்பில் தொங்கிய பாவாடைத் துணி

எங்கள் கத்திரித் தோட்டத்தில் புழுவுக்கு மருந்தடித்தால், வரப்பில் ஒரு குச்சியை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டுவோம். யாரும் காயில் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம். மருந்தின் வீரியம் போகிறவரை துணி இறங்காது. அது இறங்கிய பிறகுதான் காய் பரவைச் சந்தைக்குப் போகும். துணி வேறொன்றுமில்லை, என்னுடைய கிழிந்த பாவாடை.

அன்று விடியும்போதே என் வீட்டுக்காரர் மருந்தடித்துத் துணியையும் கட்டிவிட்டார். தள்ளிப்போட வழியில்லை. குருத்தெல்லாம் தலை தொங்கிக் கிடந்தது. காயைப் பிளந்தால் உள்ளே புழு வாடகை கொடுக்காமல் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அவர் குளித்துவிட்டு இட்லியில் கை வைக்கும்போது போன் வந்தது. என் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போய், பதிலே சொல்லாமல் இருந்த வண்டியூர்க்காரர்கள்.

"திருவாதவூர் கோயிலுக்கு வந்தோம். அப்படியே உங்க வீட்டுக்கும் ஒரு எட்டு வாரோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

மகளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது. வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் போன் அடித்தால் முதலில் ஓடுவது அவள்தான். இந்த இடம் தட்டிப் போய்விடக் கூடாதே என்று எனக்கும் கவலைதான். நான் வீட்டைப் பெருக்கினேன். அவர் தோட்டத்தைச் சுத்தம் செய்யப் போனார். என்ன சுத்தம் என்று நான் கேட்கவில்லை.

வந்தார்கள், காபி குடித்தார்கள். பிறகு அந்த அம்மா பேசிக்கொண்டே தோட்டத்துக்குள் இறங்கினார். மருந்துத் தண்ணீர் காய்ந்து காயெல்லாம் பளபளவென்று இருந்தது.

"அடியாத்தீ, எம்புட்டு அழகு!" என்றவர் ஒன்றைப் பறித்தும்விட்டார்.

நான் துணியைத் தேடினேன். குச்சி மட்டும் நின்றது. வீட்டுக்காரரைப் பார்த்து முறைத்தேன்.

"நல்ல காரியமா வார ஆளுக முன்னாடி ஒம் பாவாடை தொங்குனா நல்லாவா இருக்கும்?" என்று என் காதில் முணுமுணுத்தார்.

"இப்ப போய்ச் சொல்லுங்க."

"நீ சொல்லு."

நல்ல காரியம் பேச வந்தவர்களிடம் விஷம் என்ற சொல்லை எடுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் நாக்கு வராது. பறிக்கிற கையைத் தடுத்தாலோ, நாலு கத்திரிக்காய்க்கு முகம் சுளிக்கிற குடும்பம் என்று பெயர் வந்துவிடும். ஆகவே புத்திசாலித்தனமாக, "அதுல புழு இருக்குங்க" என்றேன்.

"புழு இருந்தாத்தான் நல்ல காய். மருந்து படலைன்னு அர்த்தம்ல, சம்மந்தி" என்று சொல்லி, மடி நிறையப் பறித்துக்கொண்டார்.

சம்மந்தி! இத்தனை நாளாக நாங்கள் காத்திருந்த சொல். வாசலில் நின்ற மகள் முகம் சிவந்து உள்ளே ஓடினாள். எனக்கு மிச்சமிருந்த பேச்சும் அடைத்துப்போனது. காயை மடியில் வைத்துக்கொண்டு, "போனதும் எண்ணெய்க் கத்திரிக்காய்தான்" என்றபடி அவர் காரில் ஏறினார்.

கார் மறைந்ததும் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. "அம்மா, கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும். நீங்க போங்க" என்றாள். வண்டியை எடுக்கச் சொன்னேன். வழியெல்லாம் நான் திட்ட, அவர் தலையைத் திருப்பாமல் ஓட்டினார். போனுக்குப் பதிலே இல்லை. தெப்பக்குளத்தைச் சுற்றி வரும்போது திட்டுவதை நிறுத்திவிட்டு மாரியம்மனைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

அந்த வீட்டு வாசலிலேயே நல்லெண்ணெய் மணம். செருப்போடு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

"அடுப்ப அமத்துங்க! வெசம்! காலையிலதான் மருந்தடிச்சது!"

சம்பந்தி வீட்டில் நான் முதன்முதலாகப் பேசிய பேச்சு அதுதான்.

அந்த அம்மா அடுப்பை அணைத்தார். நல்லவேளை, சட்டியில் காய் அப்போதுதான் வதங்கிக்கொண்டிருந்தது, யாரும் வாயில் வைக்கவில்லை.

"தோட்டத்துலயே சொல்றதுக்கென்ன?"

"சம்மந்தின்னு கூப்பிட்டுட்டீங்க. வாயே வரலை" என்று அழுதுவிட்டேன்.

அவர் சட்டியை இறக்கி வைத்தார். "அப்ப சந்தைக்கு வார காயும் இப்படித்தானா?"

"சத்தியமா இல்ல. செவப்புத் துணி எறங்காம ஒரு காய் வெளிய போகாது."

"அப்படி ஒரு துணிய நான் பாக்கலையே?"

நான் திரும்பினேன். வாசலில் என் வீட்டுக்காரர் மடியில் ஒளித்து வைத்திருந்த எதையோ எடுத்து, முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பாவாடை. "அந்தா, அதான் துணி. ஒங்க முன்னாடி என் பாவாடை தொங்குனா நல்லாருக்காதுன்னு அவுத்துட்டாரு" என்று விரல் நீட்டிக் காட்டினேன். அந்த அம்மா அடுப்படித் தரையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில், நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தேன். அன்று மதியம் அங்கேயே ரசமும் அப்பளமும் சாப்பிட்டோம். முகூர்த்தத்துக்கு நாள் பார்க்கச் சொன்னார்கள்.

கல்யாணம் முடிந்து முதல் தடவை வந்தபோது சம்பந்தி ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். ஜரிகைக் கரை போட்ட சிவப்புப் புடவையில் ஒரு துண்டு, ஓரம் அடித்துத் தைத்தது.

"கிழிஞ்ச பாவாடை தொங்குனா அண்ணனுக்குக் கூச்சமா இருக்காம்ல. இதக் கட்டுங்க" என்றார்.

இப்போது மருந்தடித்த நாளில் எங்கள் வரப்பில் ஜரிகைக் கரை பறக்கிறது. யார் விருந்துக்கு வந்தாலும் என் வீட்டுக்காரர் அதன் பக்கம் போவதில்லை.