செல்வராணியின் செல்களும் எங்கள் ஊர்க் கரண்டும்

லேபில் செல் வளர்ப்பதும் கோழி வளர்ப்பதும் ஒன்றுதான். கோழி செத்தால் குழம்பாவது வைக்கலாம்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்து போனவர்களே, உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். இரண்டாயிரத்துக்குப் பிறகு மூலைக்கு மூலை பயோடெக்னாலஜி தொடங்கினார்களே, அப்போது விருத்தாசலத்தில் ஒரு தனியார் கல்லூரியும் தொடங்கியது. நான் அங்கே விரிவுரையாளர். மிச்ச நேரத்தில் பிஎச்.டி. பாவி.

என் ஆராய்ச்சி இதுதான். மார்பகச் செல் தன்னிஷ்டத்துக்கு வளர்வதில்லை. அதைச் சுற்றியுள்ள இணைப்புத் திசுவில் ஃபைப்ரோபிளாஸ்ட் என்றொரு செல் இருக்கிறது. அது சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள்தான் இதை வளரச் சொல்லி உசுப்பிவிடுகின்றன. அக்கம்பக்கத்தார் ஏற்றிவிட்டுச் சண்டைக்குப் போகிற ஆள் மாதிரி. புற்றுக்கட்டியின் பக்கத்திலிருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் எவ்வளவு ஏற்றிவிடுகிறது என்று நான் காட்ட வேண்டும். முன்பு கிடைத்த திசுக்களில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. இதுவும் போனால் பதிவை ரத்து செய்துகொள்ளலாம் என்று என் கைடு சொல்லிவிட்டார்.

ஐஸ் பெட்டி

கடைசியாகத் திசு கொடுத்தவர் கம்மாபுரத்துச் செல்வராணி. கடலோரம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவருக்கு மார்பில் கட்டி எடுத்தார்கள். கட்டியை ஒட்டியிருந்த சதையில் சுண்டுவிரல் நகமளவு ஆராய்ச்சிக்குக் கொடுக்கிறீர்களா என்று முந்தின நாளே கேட்டிருந்தேன். "எடுத்துக்கங்க டீச்சர், எனக்கு எதுக்கு அது" என்று கையெழுத்துப் போட்டார்.

அதை ஐஸ் பெட்டியில் வைத்து, மடியில் குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு பஸ் ஏறினேன். சேத்தியாத்தோப்பில் டீக்கு நிறுத்தினவர்கள் கிளம்புவதாக இல்லை. ஐஸ் உருகிப் புடவை நனைந்தது. நான் தவித்த தவிப்பைப் பார்த்துக் கண்டக்டர் வந்து பெட்டியை மோந்தார். மீனில்லை, ஆராய்ச்சிச் சாமான் என்றேன். அவர் நம்பவில்லை.

"எதுவா இருந்தாலும் சரிம்மா, நாத்தம் வந்துச்சின்னா கம்மாபுரத்துல எறக்கி வுட்டுருவேன்."

மஞ்சள் தண்ணீர்

நம்ப மாட்டீர்கள், செல்கள் பிழைத்தன. குப்பியின் அடியில் ஒட்டிக்கொண்டு நீள நீளமாகப் பரவின. அன்று கல்லூரி கேண்டீனில் நானே எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

செல்லுக்கு ஊற்றும் சத்துத் தண்ணீர் சிவப்பாக இருக்கும். செல் அதைத் தின்று தீர்த்ததும் மஞ்சளாகிவிடும். மஞ்சளானதைக் கொட்டிவிடு என்று லேபைச் சுத்தம் செய்யும் அஞ்சலைக்கு நான்தான் சொல்லியிருந்தேன். ஆனால் ஃபைப்ரோபிளாஸ்ட் சுரந்ததெல்லாம் அந்த மஞ்சள் தண்ணீரில்தான் இருக்கும். அதை மார்பகச் செல்லுக்கு ஊற்றி வளர்கிறதா என்று பார்ப்பதுதான் என் சோதனையே. ஒரு பாட்டில் சேர்த்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். வந்து பார்த்தால் பாட்டில் பளபளவென்று கழுவிக் கவிழ்த்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அஞ்சலைக்கும் கண் கலங்கியது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"மஞ்சளானா கொட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க மேடம்? இது நல்ல மஞ்சள்னு எனக்கு யாரு சொன்னாங்க?"

பீங்கான் ஊர்

போகட்டும், செல்கள் உயிரோடு இருந்தன. மறுபடி சுரக்கும், மறுபடி சேர்க்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அடுத்த வாரம் கரண்டு போனது.

எங்கள் ஊர்ப் பீங்கான் சூளைகளில் வேகாத ஃபியூஸ் கட்டை கிடையாது. எத்தனையோ ஊர் மீட்டர் பெட்டிகளில் எங்கள் பீங்கான்தான் உட்கார்ந்திருக்கிறது. அப்பேர்ப்பட்ட ஊரில் காலையில் போன கரண்டு சாயங்காலம்வரை வரவில்லை. செல் வைக்கும் இன்குபேட்டர் உடம்புச் சூட்டிலேயே இருக்க வேண்டும். அது ஆறிக்கொண்டே வந்தது. ஜெனரேட்டர் ஆபீஸ் ரூமுக்கு மட்டும்தான். மிச்சச் செல்லை உறையவைத்துச் சேமிக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அது எங்கள் ஊரில் மாட்டாஸ்பத்திரியில்தான் உண்டு, அதுவும் காளை விந்துக்கு. குப்பியைத் துணியில் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான், வேறு வழி தெரியவில்லை.

உயிருள்ள செல் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். செத்தது உருண்டு மேலே மிதக்கும். மறுநாள் பார்த்தேன், எல்லாம் மிதந்தன. டிரான்ஸ்ஃபார்மரைச் சரிசெய்துவிட்டு இறங்கிய லைன்மேனிடம் போய் ஆத்திரம் தீரக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கரண்டு போனா நான் கொண்டாந்துருவேன் மேடம். உசுரு போனா நான் எந்தக் கம்பத்துல ஏறுவேன்?"

செல்வராணி வந்தார்

சில மாதம் கழித்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து விசாரித்துக்கொண்டே செல்வராணி லேபுக்கு வந்தார். மெலிந்திருந்தார். தலையில் முக்காடு. தன் சதை என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டுமாம்.

செத்துவிட்டது என்றேன். அவர் முகமோ மலர்ந்துவிட்டது. "செத்துருச்சா? அப்ப எனக்கும் செத்துருக்கும் இல்லீங்களா டீச்சர்? மறுபடி கட்டி வந்திருக்குதுன்னு டாக்டரு சொல்றாங்களே, அது பொய்தானே?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொன்னால் அடுத்த சிகிச்சைக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிடுவார். நான் எடுத்து வந்தது கட்டியே அல்ல, அதன் பக்கத்துச் சதை. உங்களுக்குள் இருப்பது வேறு. டாக்டர் சொல்வதுதான் சரி என்று சொன்னேன். மலர்ந்த முகம் என் கண்ணெதிரே வாடியது. எழுந்து இன்குபேட்டரைத் தொட்டுப் பார்த்தார். உள்ளே என்ன ஊற்றுவீர்கள், எவ்வளவு சூடு என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"இவ்ளோ சோறு போட்டு, இவ்ளோ சூடு குடுத்துப் பாத்துக்கிட்டீங்க, அதுக்கு இங்க சாவத் தெரிஞ்சுது. நான் ஒண்ணுமே குடுக்கல, என் ஒடம்புல மட்டும் ஏன் டீச்சர் அதுக்குச் சாவத் தெரியல?"

பிஎச்.டி. முடிவில் நடக்கும் வைவாவில் என்ன கேட்பார்களோ என்று பயந்து பயந்து படித்தேன். கேட்கவேண்டிய கேள்வியைச் செல்வராணி கேட்டுவிட்டுப் போய்விட்டார், வைவாதான் இன்னும் வரவில்லை.