நொயெலியாவின் எலிக்குளம்

எலியைத் தண்ணீரில் விடுவதற்கு முன் நொயெலியா அதன் காதருகே குனிந்து, "பயப்படாத தங்கம், மேடை அந்தப் பக்கம்தான் இருக்கு. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாத" என்பாள். பரீட்சையில் பிட் கொடுக்கிற டாக்டரம்மாவை இங்கேதான் பார்க்கிறேன் என்று உடன் வேலை பார்க்கும் வில்மார் கேலி செய்வான். "அதுக்குப் புரிஞ்சா பட்டத்தை அதுக்கே குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போறேன்டா" என்பாள். நீந்தி முடித்த எலியைத் துண்டில் சுற்றி, தலை துவட்டி, கூண்டில் விடும்வரை வேறு யாரையும் தொட விடமாட்டாள்.

மெதெயின் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பின்கட்டில் இருக்கிறது அந்த அறை. நடுவில் வட்டத் தொட்டி. பால்பொடி கரைத்த தண்ணீர். அதற்கு ஒரு விரல்கடை கீழே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை. எலி அதை நினைவு வைத்துத் தேடிப் போக வேண்டும். சுவரில் இருப்பவைதான் அதற்கு அடையாளம்: ஜன்னல், அலமாரி, திரு இருதய ஆண்டவர் படம் போட்ட நாட்காட்டி. ஊசி போட்டு மூளையைக் கெடுத்த எலிகள் செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வரும். அவற்றிலேயே, சாம்பலிலை என்கிற மரத்தின் இலையைப் பிழிந்த சாறு குடித்தவை மட்டும் நேராகப் போய் மேடையில் ஏறின. முதல்முறை அதைப் பார்த்த அன்று நொயெலியா கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதாள்.

அழாமல் என்ன செய்வாள்? அவள் பிறந்த மலையூரில் சில குடும்பங்களுக்கு ஒரு நோய் உண்டு. ஊரார் 'மந்தம்' என்பார்கள். ஐம்பது வயதுக்கு முன்பே பிடிக்கும். அவளுடைய அப்பா ஒருநாள் காலை குதிரைக்குச் சேணம் பூட்டப் போய், அதை எந்தப் பக்கமாகப் போடுவது என்று தெரியாமல் வெயில் ஏறும்வரை நின்றுகொண்டிருந்தார். நொயெலியா படிக்கப் போனதே அதற்காகத்தான்.

சாம்பலிலை மரங்கள் அவள் அண்ணன் அர்னோபியோவின் தோட்டத்தில் நின்றன. காப்பிச் செடிக்கு நிழலாகட்டுமென்று, மலையில் ஏதோ ஓர் ஓடையோரத்தில் கன்று பிடுங்கி வந்து அவர் நட்டவை. இலையை மூட்டை கட்டி மாதாமாதம் பஸ்ஸில் அவரே கொண்டுவருவார்.

"ஏ புள்ள, எனக்கும் ஒரு சீசா குடேன். எலிக்குக் குடுப்ப, கூடப் பொறந்தவனுக்குக் குடுக்க மாட்டியா?"

"எலிக்கு ஈரல் கெட்டா வேற எலி வாங்கிக்கலாம். உன்ன எந்தக் கடையில வாங்குறது அண்ணே? கொஞ்சம் பொறு."

அவர் பொறுத்தார். பிறகு டிசம்பர் வந்தது. டிசம்பரில் அந்த ஊர்க்காரர்களின் கை சும்மா இருக்காது. குழந்தை இயேசுவுக்கு ஒன்பது நாள் செபம் தொடங்கினால் மாட்டுக்கொட்டகைகூட மினுக்க வேண்டும். நொயெலியாவும் நாட்காட்டியைக் கழற்றி அந்த இடத்தில் பெரிய காகித நட்சத்திரம் மாட்டினாள். சுவர் முழுக்க வண்ண விளக்குச் சரம் ஓட்டினாள். அலமாரி மேல் பாசி பரப்பிக் குடில் வைத்தாள். எலிகளின் கடைசிச் சோதனையும் அந்த வாரம்தான்.

எல்லா எலியும் வழி தவறியது. சாறு குடித்ததும் தவறியது, குடிக்காததும் தவறியது. ஊசியே போடாத நல்ல எலிகள்கூடத் தடுமாறின. அங்கேயாவது அவளுக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். விடுமுறை அவசரத்தில் யாரும் அதை நின்று பார்க்கவில்லை. சுவரிலும் யாருக்கும் புதிதாக எதுவும் படவில்லை. அந்த மாதம் ஊரில் எந்தச் சுவர்தான் வேறு மாதிரி இருந்தது?

மனசு விட்டுப்போய் அண்ணனுக்குப் போன் செய்தாள். "அது வெறும் இலைதான் அண்ணே."

"சரி விடு. வெறும் இலைக்கு எதுக்கு அவ்வளவு எடம்" என்றார் அவர்.

பிப்ரவரியில் அலங்காரத்தைப் பிரித்து நாட்காட்டியை மறுபடி மாட்டினார்கள். மிச்சமிருந்த எலிகளைச் சும்மா தண்ணீரில் விட்டுப் பார்த்தாள். சாறு குடித்தவை அம்பு மாதிரி மேடைக்குப் போயின. ஈரக் கையோடு போனை எடுத்தாள்.

"அண்ணே, அந்த மரத்தத் தொட்டுடாத!"

"வேரோட எடுத்தாச்சே புள்ள. அவகாடோ வெச்சிருக்கேன். நீதான சொன்ன?"

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. உடைத்தது அவளேதான், யாரைக் குற்றம் சொல்வாள்? சந்தையில் விற்கும் சாம்பலிலையையும் பிழிந்து பார்த்தாள். இலை அதேதான், சாற்றில் அந்தக் குணம் இல்லை. கன்று எடுத்த ஓடையோரம் எது என்பது அர்னோபியோ ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கோ, குழம்பில் உப்புப் போட்டோமா என்று மூன்றாம் தடவை கேட்கும் காலம் தொடங்கிவிட்டது. "சாறு அவரைக் காப்பாத்தியிருக்கும்னு நான் சொல்லல, எலிதான் பொழச்சுது, மனுசன் இல்ல" என்பாள் வில்மாரிடம். "ஆனா தேடுறதுக்காவது ஒரு மரம் இருந்திருக்குமேடா. அந்த நட்சத்திரத்த எவ மாட்டச் சொன்னா என்னைய?"

ஞாயிறுதோறும் ஊருக்குப் போய் அண்ணனோடு மலையேறுகிறாள். அவர் உற்சாகமாக முன்னால் நடப்பார். ஓடைகளைத் தாண்டிக்கொண்டே போவார். போன வாரம் ஒரு சரிவில் சட்டென்று நின்றார். முகமெல்லாம் வெளிச்சம்.

"இதான் புள்ள! இதேதான்! எனக்கு மறக்கும்னு நெனச்சியா?"

கொய்யா மரம். மஞ்சள் மஞ்சளாகப் பழங்கள் தொங்கின.

நொயெலியா மரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அர்னோபியோ எம்பி, அவளுக்கு எட்டுகிற மாதிரி ஒரு கிளையை வளைத்துப் பிடித்தார். அவள் பையின் வாயை விரித்து, பூச்சி அரிக்காத இலையாகப் பார்த்து ஒவ்வொன்றாகப் பறித்துப் போட்டாள்.