இங்கிலீஷ் மாஸ்டரின் கைக்குட்டை

அறுபதுகளில் அந்தமானில் பாம்பூஃப்ளாட் படகில் தினமும் என்னோடு வந்த இங்கிலீஷ் மாஸ்டருக்கு எப்போதும் சலவைச் சட்டை, மூக்கில் கைக்குட்டை. எதிரே யார் இருந்தாலும் அவரை உதாரணமாக்கித்தான் வாக்கியம் சொல்லுவார். இலாகாத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நான் ஒருநாள், ‘லுக் டவுன் ஆன்’ என்றால் என்னவென்று கேட்டேன்.

“கேவலமாப் பாக்கிறது,” என்றவர், எதிரில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மாவைக் காட்டினார். “ஐ லுக் டவுன் ஆன் ஹெர்.”

“என்னைப் பத்தி என்ன மாஸ்டர்ஜி சொல்றீங்க?” என்று அந்த அம்மா கேட்டார்.

“உன்னை நல்லாப் பாத்துக்கணும்னு சொல்லிக் குடுக்கிறேன்மா.”

அந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. கூடையிலிருந்து ஒரு சங்கரா மீனை எடுத்து, “வீட்டுக்குக் கொண்டு போங்க,” என்று நீட்டினார். மாஸ்டர் மூக்கிலிருந்த கைக்குட்டையை எடுத்து உதறி, மீனை அதிலேயே முடிந்துகொண்டார்.

நான் மாஸ்டரின் பக்கத்திலிருந்து எழுந்துபோய் மீன்கூடையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.