சந்தனம் வைத்து மூடிய ஓட்டை

போன வருஷம் தைப்பூசக் கூட்டம் கலைந்து, பினாங்கு பழையபடி மூச்சு விடத் தொடங்கிய வாரத்தில் அப்பா போய்விட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தகனம் முடிந்த மறுநாள் காலை, ஜெலுத்தோங் கரையிலிருந்து, அவருடைய சொந்தப் படகிலேயே அஸ்தியைக் கரைக்கப் போனோம்.

அது ஒரு சின்ன பைபர் படகு. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், தூண்டிலைத் தூக்கிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். யாராவது கூட வருகிறோம் என்றால் பிடிக்காது, பேச்சுச் சத்தத்தில் மீன் ஓடிவிடுமாம்! வீட்டுக் காருக்குக்கூட இல்லாத மரியாதை அந்தப் படகுக்கு உண்டு. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் முன்தளத்தில் திருகாணியால் கொக்கி முடுக்கி, அதில் மாலை கட்டி, பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஏக அமர்க்களம் பண்ணுவார்.

அன்று நான் படகில் ஏறப் போனதும் சித்தப்பா தடுத்தார். அப்பாவின் தம்பி அவர். எஞ்சினை ஓட்டப் போவதும் அவர்தான்.

"பொம்பளப் புள்ளைங்க இதுக்கெல்லாம் வரக்கூடாது லா. நீ வீட்டுக்குப் போ."

எனக்கு வந்த கோபத்தில் அழுகை நின்றுவிட்டது. "எனக்கும்தான் அவரு அப்பா" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துகொண்டேன். சித்தப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஜோகூரிலிருந்து வந்திருந்த என் தம்பி, மடியில் அஸ்திக் கலயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கரை சின்னதாகத் தெரியும் தூரம் வந்ததும் சித்தப்பா எஞ்சினை அணைத்தார். முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மகன் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, கலயத்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட வேண்டும். விட்டபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. தம்பி முன்தளத்தில் ஏறி எங்களைப் பார்த்து நின்றான். "இன்னும் கொஞ்சம் பின்னாடி போ" என்றார் சித்தப்பா. அவன் ஒரு கால் பின்னால் எடுத்து வைத்தான்.

மளுக்கென்று ஒரு சத்தம். தம்பியின் வலது கால் தளத்தை உடைத்துக்கொண்டு தொடை வரை உள்ளே போய்விட்டது. உடம்பு அப்படியே பின்னால் சாய்ந்து, தலையும் தோளும் கடல் பக்கம் தொங்கின. அலை தூக்கிப் போடும்போதெல்லாம் மாட்டிக்கொண்ட கால் முறுக்கிக்கொண்டது. அந்த நிலையிலும் அவன் கலயத்தை விடவில்லை, இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான்.

எப்படிப் பாய்ந்தேன் என்று எனக்கே தெரியாது. முதலில் கைக்கு வந்தது அவன் வேட்டி. அது அவிழ்ந்து என் கையோடு வந்துவிட்டது. அடுத்து அவன் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு கத்தினேன்.

"கலயத்த விட்டுட்டு என் கையப் புடிடா!"

"ஒழுங்கா விடணும்க்கா... அப்பாவ..."

"அப்பா ஒண்ணும் நெனைக்க மாட்டாரு. விடுடா!"

விட்டான். பின்னால் 'பொளக்' என்று கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை; பார்க்கிற நிலைமையிலும் இல்லை. நான் அவனை இழுத்துப் பிடித்திருக்க, சித்தப்பா ஸ்பேனரால் உடைந்த விளிம்பைத் தட்டித் தட்டிப் பெயர்த்துக் காலை வெளியே எடுத்தார். பைபர் கிழித்ததில் தொடையெல்லாம் ரத்தம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்கத் தம்பி வலிக்காக அழவில்லை, அப்பாவை முறையாக அனுப்ப முடியவில்லையே என்றுதான் அழுதான். சித்தப்பா என் தலையில் கை வைத்து, "நல்லவேளை, நீ வந்தேம்மா" என்றார்.

நடமாட்டம் வந்ததும் தம்பி, "அந்தப் படக வெட்டிப் போட்டுருவோம்" என்று பிடிவாதமாக நின்றான். சித்தப்பாதான், ஏன் உடைந்தது என்று பார்க்காமல் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். மூன்று பேருமாகப் படகைக் கரையேற்றி, கை கிரைண்டரால் தளத்தின் மேல்தோலை அறுத்துத் திறந்தோம். மேலும் கீழும் பைபர், நடுவில் பிளைவுட். அந்த பிளைவுட் கறுத்து, ஊறி, விரலால் அள்ளும்படி இருந்தது. அழுகிய வாடை மூக்கைத் துளைத்தது.

தண்ணீர் எப்படி இறங்கியது என்று தேடினோம். அப்பாவின் கொக்கிதான்! துருப்பிடித்த திருகாணியைக் கழற்றிவிட்டு, வருஷா வருஷம் பக்கத்திலேயே புது ஓட்டை போட்டிருக்கிறார். பழைய ஓட்டைகளைச் சும்மா விடக்கூடாது என்று சந்தனத்தைக் குழைத்து அடைத்து, மேலே குங்குமமும் வைத்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் அதைப் பூஜைப் பொட்டு என்றுதான் நினைத்திருந்தோம். மழைக்குச் சந்தனம் கரைந்துபோக, தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

அழுகல் எதுவரை என்று தெரிய, சித்தப்பா சுத்தியல் பிடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் கணீரென்றது, கெட்ட இடம் பொத்தென்றது. நான் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். கோடு முன்தளத்தோடு நிற்கவில்லை. அப்பா உட்கார்ந்து தூண்டில் போடும் இடத்தையும் சுற்றிக்கொண்டு போனது. அங்கும் பொத்து, பொத்து. தம்பி என்னைப் பார்த்தான். சித்தப்பா தட்டுவதை நிறுத்திவிட்டார்.

கெட்டதையெல்லாம் சுரண்டி எடுத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து, புது பிளைவுட் வைத்து, ரெசின் பசையும் பைபர் துணியும் போட்டு மூடினோம். திருகாணி வரும் இடங்களில் ஓட்டையைப் பெரிதாக்கி, ரெசினை நிரப்பி, அது இறுகியதும் அதன் நடுவில் துளை போட்டோம். இனி தண்ணீர் மரத்தைத் தொடாது. தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் இப்போது அந்தப் படகில்தான் போகிறான். தனியாக மட்டும் நான் விடுவதில்லை.

ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் அப்பாவைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விட்டாயே என்று தண்ணீர்மலைக் கோயில் முருகனிடம் எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். அந்தச் சாக்கட்டிக் கோட்டைப் பார்த்த பிறகு, கை கொடுக்க ஆளில்லாத நடுக்கடலில் விடாமல் எங்கள் வீட்டுக் கட்டிலில் அவரைப் போகவிட்டாயே என்று கும்பிட்டுவிட்டுத்தான் படி இறங்குகிறேன்.